ஒளி குறையும் மாதங்களுக்கான கதைகள்

அக்டோபர் பிறந்ததும் ஆங்கில இதழ்களில் ஒரு பட்டியல் தவறாமல் வந்துவிடும். இலையுதிர்காலத்தில் படிக்க வேண்டிய பேய்க்கதைகள், பார்க்க வேண்டிய திகில் படங்கள் என்று ஐம்பது பெயர்கள், சில சமயம் நூறு. எது அதிகமாகப் பயமுறுத்துகிறதோ அது மேலே இருக்கும். குறைவாகப் பயமுறுத்துவது கீழே போகும். கோதிக் ஆக்கங்களை விரும்புகிறவர்களுக்கு இந்த வரிசை பெரிதாக உதவுவதில்லை. கோதிக்கில் அச்சம் உண்டுதான். ஆனால் அதையே அளவுகோலாக வைத்தால் 'ஜேன் ஐர்' பட்டியலில் இடம்பெறவே முடியாது. 'ரெபெக்கா' கடைசியில் நிற்கும். இவ்விரண்டையும் விட்டுவிட்டுக் கோதிக்கைப் பற்றிப் பேச முடியாது.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டும், ஒரு நூற்றாண்டாகப் படமாக்கப்பட்டும் வரும் இந்த வகையை மொத்தமாகத் திரும்பிப் பார்த்தால் மூன்று கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன. வெளிச்சம் குறைவது கதையில் ஏதாவது வேலை செய்கிறதா? வீடு வெறும் இடமாக நின்றுவிடாமல் கதையை நடத்துகிறதா? அந்த வீட்டில் மூடிவைத்த அநீதி என்ன? மூன்றுக்கும் வலுவாகப் பதில் சொல்லும் நூலும் படமும்தான் இலையுதிர்காலத்துக்கு உரியவை என்பது என் முடிவு. மூன்றாவது கேள்விதான் இவற்றில் தலையாயது.

ஏன் இந்தப் பருவம்?

வட ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தின் முதல் அடையாளம் பகல் சுருங்குவது. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்று முதல் லண்டனில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வெளியே வருகிறவர் இருட்டில்தான் வீடு திரும்புவார். அறுவடை முடிந்து குளிர்காலத்துக்குத் தயாராகும் இந்த நாட்களை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கெல்டிக் மக்கள் 'சௌவின்' என்ற பண்டிகையாகக் கொண்டாடினார்கள். இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவே உள்ள எல்லை அந்த இரவில் நெகிழ்ந்துவிடும் என்று நம்பினார்கள். அக்டோபர் 31 ஹாலோவீன், நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள் என்று மூன்று நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. அந்த நவம்பர் 2ஐத்தான் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாளாக அனுசரிக்கிறார்கள். கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இறந்தவர்களை நினைக்க இந்த மாதங்களை ஒதுக்கியது கதாசிரியர்களுக்கு வெகு காலம் முன்பே நடந்துவிட்டது.

ஒளி குறைந்ததால் கோதிக் பிறந்தது என்று நேரடியாகச் சொல்லக்கூடிய ஒரு சம்பவமும் வரலாற்றில் உண்டு. 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் வீசிய துகள்கள் பூமி முழுவதும் பரவி வெயிலை மறைத்தன. அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வாய்க்கவில்லை. பயிர் அழிந்தது, மழை ஓயவில்லை. அந்த 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா தியோதாத்தி என்னும் மாளிகையில் கவிஞர் பைரன் தங்கியிருந்தார். கவிஞர் ஷெல்லி, பின்னாளில் அவரை மணந்த மேரி, மேரியின் சகோதரி முறையான கிளேர் கிளேர்மான்ட், பைரனின் மருத்துவர் போலிடோரி ஆகியோரும் அங்கே கூடினார்கள். வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்தவர்கள் ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வாசித்தார்கள். ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார் பைரன். பதினெட்டு வயது மேரி எழுதத் தொடங்கியது 1818இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆக வெளிவந்தது. போலிடோரியின் 'தி வாம்பயர்' 1819இல் வந்தது. ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்பு உயிர் பெறுவது ஒரு நவம்பர் இரவில், மெழுகுவர்த்தி எரிந்து தீரும் நேரத்தில் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பருவத்துக்கும் கதைக்கும் உள்ள இந்தக் கட்டு பல நூல்களில் தொடர்கிறது. எட்கர் ஆலன் போ எழுதிய 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' ஓர் இலையுதிர்கால நாளில் தொடங்குகிறது. 'ஜேன் ஐர்' தொடங்குவது நவம்பரில். 'டிராகுலா' மே 3இல் தொடங்கும் நாட்குறிப்பாக இருந்தாலும் அதன் நெருக்கடி முழுவதும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் விழுகிறது. நவம்பர் 6இல் முடிகிறது. ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வில் கோடையில் வேலைக்கு வரும் ஆசிரியை, கதை முற்றும்போது உதிர்ந்த இலைகளின் நடுவே நிற்கிறாள். இந்த நூல்களை அவற்றுக்குரிய மாதத்தில் படிப்பவருக்கு, பக்கத்திலும் ஜன்னலுக்கு வெளியிலும் ஒரே வானிலை.

மூன்று கேள்விகள் எங்கிருந்து வந்தன?

கோதிக் என்ற பெயரைக் கதைக்குச் சூட்டியவர் ஹொரேஸ் வால்போல். லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாமில் 'ஸ்ட்ராபெரி ஹில்' என்ற தன் வீட்டை இடைக்காலக் கோட்டையைப் போல மாற்றிக் கட்டிக்கொண்டவர் அவர். ஒரு நாள் கனவில் பெரிய மாடிப்படியின் மேல்கைப்பிடியில் கவசம் அணிந்த ராட்சதக் கை ஒன்றைக் கண்டதாகவும், அதிலிருந்தே கதை பிறந்ததாகவும் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அப்படி 1764 இறுதியில் வந்தது 'தி கேஸில் ஆஃப் ஒட்ரான்டோ'. முதல் பதிப்பை ஒரு பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில் தன் நூல் என்று ஒப்புக்கொண்டு, கோதிக் கதை என்ற அடையாளத்தையும் சேர்த்தார்.

இன்று வாசித்தால் அந்த நாவல் பல இடங்களில் நாடகத்தனமாகத் தெரியும். ஆனால் அதன் அடிக்கட்டுமானத்தைக் கவனியுங்கள். கல்யாண நாளன்று வானிலிருந்து விழும் மாபெரும் தலைக்கவசம் மணமகனை நசுக்குகிறது. ஏன்? கோட்டையை ஆளும் மான்ஃபிரெடின் தாத்தா உரிய அரசனுக்கு விஷம் வைத்து, பொய் உயில் எழுதி அந்தச் சொத்தைப் பறித்தவர். கோட்டை அதை மறக்கவில்லை. முதல் கோதிக் நாவலிலேயே பேய் என்பது தீர்க்கப்படாத வழக்காகத்தான் வருகிறது. இதுதான் என் மூன்றாவது கேள்வியின் ஊற்று.

முதல் கேள்வி ஆன் ராட்கிளிஃபிடமிருந்து வருகிறது. அவரது 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடோல்ஃபோ' 1794இல் வெளியானது. அதில் எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். அவள் பார்த்தது என்ன என்பது பல நூறு பக்கங்களுக்குப் பிறகுதான் நமக்குத் தெரியும்: ஒரு மெழுகுச் சிலை. அதுவரை நம் கற்பனைதான் வேலை செய்துகொண்டிருக்கும். ராட்கிளிஃப் மறைந்த பின் 1826இல் வெளியான அவரது கட்டுரை, அச்சத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருப்பது தரும் அச்சம் மனத்தை விரிக்கிறது. அப்பட்டமாகக் காட்டப்படும் கோரம் மனத்தை உறையவைத்துச் சுருக்குகிறது. இன்றைய படங்களைத் தேர்ந்தெடுக்கவும் இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது. மங்கலான வெளிச்சம் கோதிக்குக்குத் தேவைப்படுவது அலங்காரத்துக்காக அல்ல, பாதி தெரிவதற்காக.

இதே போக்கை ஜேன் ஆஸ்டென் 'நார்தாங்கர் ஆபி'யில் அன்போடு சோதித்துப் பார்த்தார். புயல் இரவில் பழைய அலமாரியில் கேதரின் ஒரு காகிதச் சுருளைக் கண்டெடுக்கிறாள், விளக்கு அணைந்துவிடுகிறது, இரவெல்லாம் நடுங்கிக் கிடந்தவள் காலையில் விரித்துப் பார்த்தால் அது சலவைக் கணக்கு. ராட்கிளிஃபைப் படித்த கையோடு படிக்க மிகப் பொருத்தமான நூல் இது.

நூல்கள்: சிறியதிலிருந்து பெரியதற்கு

கோதிக்குக்குப் புதியவர் போவிடமிருந்து தொடங்கலாம். 1839இல் வந்த 'அஷர்' ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியது. குதிரையில் வருபவன் முதலில் வீட்டைப் பார்க்கிறான். பிறகு அதன் முன்னால் அசையாமல் கிடக்கும் கறுத்த குட்டையில் அந்த வீட்டின் தலைகீழ் பிம்பத்தைப் பார்க்கிறான். கூரையிலிருந்து சுவர் வழியே வளைந்து வளைந்து குட்டைக்குள் இறங்கும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு விரிசல் அவன் பார்வையில் படுகிறது. கதை அதைச் சொல்லிவிட்டு மறந்துவிட்டதைப் போல உள்ளே போய்விடுகிறது. கடைசிப் பக்கத்தில் அந்த விரிசல் அகலமாகத் திறந்து, வீடும் குடும்பமும் ஒன்றாகக் குட்டைக்குள் போகின்றன. வீட்டின் பெயரும் குடும்பத்தின் பெயரும் ஒன்று. இரண்டின் அழிவும் ஒன்று. இரண்டாவது கேள்வி கேட்பதைப் போல வீடு கதையை நடத்துவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

அமெரிக்க இலையுதிர்காலத்தின் நிறத்தையும் மணத்தையும் வேண்டுவோர்க்கு வாஷிங்டன் இர்விங்கின் 'தி லெஜண்ட் ஆஃப் ஸ்லீப்பி ஹாலோ' உண்டு. 1820இல் வந்த இந்தக் கதையில் ஹட்சன் ஆற்றங்கரைப் பண்ணைகளின் அறுவடைக் காட்சிகளும் விருந்தும் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு இதையும், அக்டோபர் இறுதியில் ஒரு சிற்றூருக்கு வரும் திருவிழாக் கூடாரங்களைப் பற்றி ரே பிராட்பரி 1962இல் எழுதிய 'சம்திங் விக்கட் திஸ் வே கம்ஸ்' நாவலையும் தயங்காமல் கொடுக்கலாம்.

அடுத்தது பிராண்டே சகோதரிகள். 1847ஆம் ஆண்டு ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பெரும் நாவல்கள் வந்தன. சார்லட்டின் 'ஜேன் ஐர்' நாவலின் முதல் காட்சியை நெருங்கிப் பாருங்கள். குளிரும் மழையுமாக இருப்பதால் நடக்கப் போக முடியாத நவம்பர் மதியம். பத்து வயதுச் சிறுமி ஜன்னல் திண்ணையில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்து, சிவப்புத் திரையை இழுத்து மூடிக்கொள்கிறாள். ஒரு பக்கம் திரை, மறுபக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் மூடுபனி. மடியில் பறவைகளைப் பற்றிய படப்புத்தகம். அந்த வீட்டில் யாருக்கும் வேண்டாத அநாதைக்குக் கிடைத்த இடம் அந்த ஒரு முழ அகலம்தான். அடுத்த சில பக்கங்களில் அதுவும் பறிபோய், அதே புத்தகம் அவள்மேல் வீசப்படுகிறது. பிறகு அவள் ஆசிரியையாகப் போகும் தார்ன்ஃபீல்ட் மாளிகையின் மேல்தளத்தில் கேட்கும் சிரிப்பு வரைக்கும் நாவல் கேட்பது ஒரே கேள்வி: ஒரு வீட்டில் யாருக்கு எந்த அறை, யார் கையில் சாவி?

எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' யார்க்‌ஷயரின் மேட்டுநிலத்துக் காற்றிலேயே எழுதப்பட்டதைப் போன்ற நூல். பனியில் மாட்டிக்கொண்ட விருந்தாளி இரவில் ஜன்னலைத் தட்டும் மரக்கிளையைப் பிடிக்கக் கையை நீட்ட, சின்னஞ்சிறு குளிர்ந்த கை ஒன்று அவன் கையைப் பற்றிக்கொள்ளும் இடம் உலக இலக்கியத்தின் பெரிய தருணங்களில் ஒன்று. அவசரமாகப் படித்தால் குடும்ப உறவுகள் குழம்பும். நீண்ட மாலைகள் தொடங்கிய பிறகு எடுப்பது நல்லது.

ரத்தக் காட்டேரிகளைத் தேடுவோர் நேராக 'டிராகுலா'வுக்குப் போகாமல் அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானு 1871-72இல் எழுதிய 'கார்மில்லா'வை முதலில் படிக்கலாம். ஸ்டைரியாவின் காட்டுக்கு நடுவே தனித்த மாளிகை, அங்கே வந்து தங்கும் அழகிய விருந்தாளி, அவள்மேல் நாயகி கொள்ளும் ஈர்ப்பும் வெறுப்பும் என்று நூறு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். பிராம் ஸ்டோக்கர் 1897இல் 'டிராகுலா'வை வெளியிட்டபோது லெ ஃபானுவின் வழியில்தான் நடந்தார். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் நறுக்கு என்று துண்டுதுண்டாகச் சேர்த்த வடிவம் ராட்கிளிஃப் சொன்ன பாதி தெரிவதை வேறு வழியில் சாதிக்கிறது. கப்பல் வந்து மோதும் விட்பி துறைமுகமும், அதன் மேலே இடிந்த மடாலயமும் இன்றும் யார்க்‌ஷயர் கரையில் இருக்கின்றன; ஸ்டோக்கர் 1890இல் அங்கே தங்கிக் குறிப்பெடுத்தவர்.

எம். ஆர். ஜேம்ஸின் பேய்க்கதைகள் எல்லாப் பட்டியலிலும் வரும். முதல் தொகுதி 1904இல் வந்தது. அவர் கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்ட எழுதியவை அவை. அவற்றை டிசம்பருக்கு வைத்துக்கொள்வதே சரி.

இருபதாம் நூற்றாண்டில் முதலிடம் டாஃப்னே டு மாரியரின் 'ரெபெக்கா'வுக்கு. 1938இல் வந்த இந்த நாவலில் பேயே கிடையாது. கதை சொல்லும் இரண்டாம் மனைவிக்குப் பெயர் தரப்படவில்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் நூலின் பெயர். உறை, கைக்குட்டை, தலையணை என்று மாண்டர்லி மாளிகையில் தொட்டதெல்லாம் அவளுடைய முதலெழுத்தைத் தாங்கியிருக்கிறது. வந்த மருமகள் அந்த வீட்டில் தனக்கென்று ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாமல் தவிப்பதை இவ்வளவு கூர்மையாக எழுதியவர் வேறு யாரும் இல்லை. இதற்கு இணையாக நிற்பது ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). அந்த வீட்டில் ஒரு கோணம்கூடச் சரியாக இல்லை. திறந்து வைத்த கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும். தாயைப் பராமரித்தே இளமையைத் தொலைத்த எலினாருக்கு, தன்னை வரவேற்கும் முதல் வீடாக அது தோன்றுவதுதான் நாவலின் பயங்கரம். மூடுபனியும் கடல் ஓதமும் சூழ்ந்த தனிவீட்டை விரும்புவோர்க்கு சூசன் ஹில்லின் 'தி வுமன் இன் பிளாக்' (1983) நவம்பருக்கென்றே எழுதப்பட்டது.

இனி மூன்றாவது கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த நூல்கள். தார்ன்ஃபீல்டின் மேல்தளத்தில் அடைக்கப்பட்டிருந்த பெர்த்தா யார்? மாளிகையின் உரிமையாளர் சொத்துக்காக மணந்து ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்த பெண். அவள் தரப்பை 'ஜேன் ஐர்' சொல்லவில்லை. கரீபியத் தீவான டொமினிகாவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சார்காஸோ சீ' நாவலில் அதை எழுதினார். அந்த மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அடிமை உழைப்பில் செழித்த தோட்டங்கள் என்ன ஆயின என்பதெல்லாம் அதில் திறக்கின்றன. டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) இதைவிட ஆழமாகப் போகிறது. 1873இல் சின்சினாட்டியில் ஒரு சாதாரண வீடு. அங்கே குழந்தையின் ஆவி. அடிமைத்தனத்துக்குத் திரும்பவிடாமல் தாயே கொன்ற குழந்தை அது. கோட்டையும் கோபுரமும் இல்லாமலேயே கோதிக்கின் முழு வலுவும் இங்கே இருக்கிறது. சில்வியா மொரேனோ-கார்சியாவின் 'மெக்ஸிகன் கோதிக்' (2020), வெள்ளிச் சுரங்கம் நடத்திய ஆங்கிலேயக் குடும்பத்தின் பூஞ்சை பிடித்த மாளிகையைக் கொண்டு காலனிய வரலாற்றையும் இன மேன்மைக் கொள்கையையும் தொடுகிறது. சுலபமாகப் படிக்கலாம், ஆழத்தில் முன்னவற்றுக்கு அடுத்தபடிதான்.

படங்கள்: காட்டாமல் காட்டியவை

திரையில் கோதிக்கின் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922இல் 'நோஸ்ஃபெராட்டு'வை எடுத்தார். அனுமதி பெறாமல் 'டிராகுலா'வைத் தழுவியதால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார்; பிரதிகளை அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிய பிரதிகளால்தான் இன்று நாம் பார்க்கிறோம். மாடிப்படிச் சுவரில் ஏறும் அந்த நிழலைத் திரையுலகம் இன்றுவரை திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறது. ராபர்ட் எகர்ஸ் 2024இல் எடுத்த மறுஆக்கமும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நம்பிக்கை வைத்த படம்தான். ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் 1931இல் 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டையும் வெளியிட்டது. இவற்றில் ஜேம்ஸ் வேல் இயக்கிய இரண்டாவதும், அவரே 1935இல் எடுத்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படமும்தான் காலத்தைத் தாண்டி நிற்கின்றன.

1940இல் ஹிட்ச்காக் எடுத்த 'ரெபெக்கா', சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. வீட்டு நிர்வாகி திருமதி டான்வர்ஸ் நடந்து வருவதை அவர் பெரும்பாலும் காட்டவே இல்லை. நாயகி திரும்பினால் அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள். ஆனால் அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளால் கதையின் மையக் குற்றத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே நாவலைப் படித்த பிறகே படத்தைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் கோதிக் திரைப்படத்தின் உச்சம் 1961ஆம் ஆண்டின் 'தி இன்னசன்ட்ஸ்'. 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வின் திரைவடிவம். இயக்கியவர் ஜாக் கிளேட்டன். திரைக்கதையில் ட்ரூமன் கபோட்டியின் பங்கு பெரிது. படம் தொடங்கும்போது திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு சிறுமி பாடும் குரல் மட்டும் கேட்கும். அகலத்திரையில் எடுக்க வேண்டும் என்று ஸ்டுடியோ சொன்னது. இரண்டு மூன்று பேருக்குள் நடக்கும் நெருக்கமான கதைக்கு அவ்வளவு அகலம் எதற்கு? ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் லென்ஸின் முன்னால் வைக்கும் ஃபில்டர்களின் ஓரங்களுக்குச் சாயம் பூசினார். சட்டகத்தின் இரு பக்கமும் இருட்டுக்குள் கரைந்தன. ஆசிரியையாக நடிக்கும் டெபோரா கெர் மெழுகுவர்த்தியோடு நடக்கும்போது அந்த ஓரங்களில் யாரோ இருக்கிறார்கள் என்று நம் கண் தேடத் தொடங்கிவிடும். மிகவும் கலங்கடிக்கும் காட்சியோ பட்டப்பகலில் வருகிறது. ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். இசை அலறவில்லை, கேமரா பாயவில்லை. அவள் உண்மையில் இருக்கிறாளா, ஆசிரியையின் மனம்தான் காண்கிறதா என்பதைப் படம் கடைசிவரை தீர்த்து வைக்கவில்லை.

ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த 'தி ஹாண்டிங்' இதன் உடன்பிறப்பு. ஜாக்சனின் நாவலைப் படமாக்கிய வைஸ், இன்னும் முழுமை பெறாத ஓர் அகலக்கோண லென்ஸைப் பானாவிஷன் நிறுவனத்திடம் கேட்டு வாங்கினார். அது பிம்பத்தை வளைக்கும் என்று எச்சரித்துத்தான் கொடுத்தார்கள். அந்த வளைவுதான் கோணம் பிசகிய வீட்டுக்குத் தேவைப்பட்டது. படத்தில் ஒரு பேய்கூடக் கண்ணுக்குத் தெரியாது. மூடிய கதவு மூச்சு விடுவதைப் போல உள்ளே புடைக்கிறது, அவ்வளவுதான். இருட்டில் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்த எலினார், வெளிச்சம் வந்ததும் தோழி எட்டத்தில் இருப்பதைக் காண்கிறாள்.

வண்ணத்தில் கோதிக்கைப் பார்க்க விரும்புவோர்க்கு இரண்டு வழிகள். பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் தேம்ஸ் கரையில் பிரே ஸ்டுடியோவில் எடுத்த படங்கள் ஒரு வழி. டெரன்ஸ் ஃபிஷர் இயக்கத்தில் கிறிஸ்டோபர் லீ நடித்த 'டிராகுலா' (1958) போதும். அமெரிக்க இயக்குநர் ரோஜர் கார்மன், நடிகர் வின்சென்ட் பிரைஸை வைத்துப் போவின் கதைகளை எடுத்தது மற்றொரு வழி. 'ஹவுஸ் ஆஃப் அஷர்' (1960) பதினைந்தே நாளில் முடிந்தது. தீயில் கருகிய நிஜக் காட்டில்தான் நாயகன் குதிரையில் வரும் காட்சியை எடுத்தார். 'தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்' (1964) அழகில் அதையும் மிஞ்சும். ஒளிப்பதிவு நிக்கலஸ் ரோக். அதே ரோக் 1973இல் டு மாரியரின் சிறுகதையை 'டோன்ட் லுக் நவ்' ஆக இயக்கினார். சீசன் முடிந்து விடுதிகள் மூடப்படும் வெனிஸ், மகளை இழந்த தம்பதி, அடிக்கடி கண்ணில் படும் ஒரு சிவப்பு. நெஞ்சு உரம் உள்ளவர்கள் பார்க்கலாம்.

பிற்காலத்தில் அலெகாந்த்ரோ அமெனாபாரின் 'தி அதர்ஸ்' (2001) முதன்மையானது. 1945இல் ஜெர்சி தீவு. வெளிச்சம் பட்டால் உடம்பு தாங்காத இரு பிள்ளைகள். ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது என்ற கட்டளை. வெளிச்சம் கதையில் வேலை செய்ய வேண்டும் என்ற முதல் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. கியர்மோ டெல் டோரோவின் 'கிரிம்சன் பீக்' (2015) படத்துக்காக மூன்று தளங்கள் கொண்ட மாளிகையையே டொராண்டோவில் கட்டினார்கள். பொத்தலான கூரை வழியே முதலில் இலைகளும் பிறகு பனியும் கூடத்தில் விழுகின்றன. தரைக்கடியில் உள்ள செம்மண் சுவரில் கசிகிறது. கதை பலவீனமானது என்று விமர்சகர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஆனாலும் அந்த வீட்டுக்காக ஒரு முறை பார்க்கத் தகும். அவரது 'தி டெவில்ஸ் பேக்போன்' (2001) எல்லா வகையிலும் மேலான படம். ஸ்பானிய உள்நாட்டுப் போர்க் காலத்து அநாதை இல்லம், முற்றத்தில் வெடிக்காமல் செருகி நிற்கும் குண்டு, கொல்லப்பட்ட சிறுவனின் ஆவி: மூடிவைத்த அநீதி என்பது இங்கே ஒரு நாட்டின் வரலாறாகிவிடுகிறது.

இந்த மரபு நம் பக்கமும் வந்து சேர்ந்தது. ம்யூனிக்கிலிருந்து வந்து பாம்பே டாக்கீஸில் பணியாற்றிய ஜோசப் விர்ஷிங் என்ற ஜெர்மன் ஒளிப்பதிவாளர்தான் 1949இல் கமால் அம்ரோஹியின் 'மஹல்' படத்துக்கு நிழலும் நிலவொளியும் தந்தவர். மறுபிறவியும் பாழ் மாளிகையும் அதன்பின் இந்தியப் படங்களில் நிலைத்துவிட்டன. 1963இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'க்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அடுத்த ஆண்டே வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தில் 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் படத்தை இயக்கினார். முன்னதில் ஜமீன்தாரின் அந்தஸ்து வெறி, பின்னதில் மறைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கொலை. மூன்றாவது கேள்விக்கு இரண்டிலும் பதில் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் பார்க்க ஏற்றவை.

எந்த வரிசையில்?

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் முடிக்க நினைப்பது வீண். நூலும் படமுமாகச் சோடி சேர்த்து, பகல் சுருங்கச் சுருங்க ஆழம் கூடும்படி அமைத்துக்கொள்வது நல்லது. செப்டம்பர் இறுதியில் இர்விங்கும் போவும்; கூடவே கார்மனின் 'அஷர்'. அக்டோபர் முதல் பாதியில் 'ரெபெக்கா' நாவல், பிறகு ஹிட்ச்காக். இரண்டாம் பாதியில் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வைப் படித்துவிட்டு, ஹாலோவீனை ஒட்டி 'தி இன்னசன்ட்ஸ்'. நவம்பரில் ஜாக்சனும் வைஸும், அல்லது பிராண்டே சகோதரிகள். படங்களைப் பார்க்கும்போது அறையின் விளக்கை அணைத்துவிடுங்கள், கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். ஃபிரான்சிஸ் சாயம் பூசிய ஓரங்கள் வெளிச்சமான கூடத்தில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 'டோன்ட் லுக் நவ்', 'தி டெவில்ஸ் பேக்போன்' இரண்டையும் அவர்கள் தூங்கிய பின் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, ஒரே ஒரு சோடி சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் 'ஜேன் ஐர்', அதைத் தொடர்ந்து 'வைட் சார்காஸோ சீ'. முதல் நூலில் நாம் ஜேனோடு சேர்ந்து மேல்தளத்துச் சத்தத்துக்குப் பயப்படுகிறோம். இரண்டாவதில் அதே கதவுக்கு உட்புறம் நிற்கிறோம்; வெளியே நடமாடும் காலடிகளுக்குப் பயப்படுகிறோம். இரண்டு நூல்களுக்கும் நடுவே 119 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அந்த இடைவெளியில் கோதிக் கற்றுக்கொண்டது, பேய் என்று நாம் அஞ்சியவர் பெரும்பாலும் அநீதிக்கு ஆளானவர் என்பதை. ஒட்ரான்டோவின் தலைக்கவசமும், மாரிசனின் குழந்தையும், ஸ்பானிய முற்றத்துச் சிறுவனும் ஒரே குரலில் கேட்பது நியாயத்தைத்தான். அந்தக் குரலைக் காதுகொடுத்துக் கேட்க வைக்கும் நூல்களையும் படங்களையும் தேர்ந்தெடுப்போம். வெறுமனே திடுக்கிட வைப்பவற்றுக்கு ஆண்டு முழுவதும் நேரம் இருக்கிறது.